அழுத்தம் மாறும்போது மீத்தேன் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது: ஓர் அளவீட்டு அனுபவம்

மீத்தேனும் ஈத்தேனும் உயர் வெப்பநிலையில் சிதையும் வேகத்தை வெவ்வேறு அழுத்தங்களில் அளப்பதே என் ஆய்வின் முதற்கட்டப் பணி. ஒரு மூலக்கூறு தானாக உடையும் வினையில் அழுத்தத்துக்கு என்ன பங்கு என்பதற்கு 1921-லேயே இயற்பியலாளர் லிண்டமன் விளக்கம் தந்துவிட்டார்: உடைவதற்கான ஆற்றலைப் பிற மூலக்கூறுகளுடன் மோதித்தான் அது பெறுகிறது, ஆகவே மோதல்கள் அரிதான குறைந்த அழுத்தத்தில் அந்த ஆற்றலேற்றமே வேகத்தைத் தீர்மானிக்கிறது, அழுத்தம் மிகுந்தாலோ வேக மாறிலி (வினையின் வேகத்தைக் குறிக்கும் எண்) ஓர் உச்ச வரம்பை நெருங்கி நின்றுவிடுகிறது. ஆய்வகத்தில் இதைக் கண்ணால் காண்பது அத்தனை எளிதாக இல்லை.

வாயுவை அதிர்வலையால் சூடாக்கும் கருவியான அதிர்வலைக் குழாயில், ஹீலியத்தின் அழுத்தம் ஏறி நடுவிலுள்ள மெல்லிய உலோகத் தகடு கிழிந்ததும், புறப்படும் அதிர்வலை ஆர்கானில் கலந்த மீத்தேனை நொடிப்பொழுதில் 2000 கெல்வின் வரை சூடாக்கிவிடும். வெப்பநிலை அசையாமல் அழுத்தம் மட்டும் மாற வேண்டும் என்பதற்காக, தகட்டின் தடிமனையும் குழாயில் முதலில் நிரப்பும் வாயுவின் அழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே மாற்றினோம். இதில் கண்டிப்பு அவசியம். மீத்தேனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 440 கிலோ ஜூல் தேவைப்படுவதால், அந்த வெப்பநிலையில் ஒரு சதவீதப் பிழைகூட வேக மாறிலியை ஏறத்தாழ கால் பங்கு மாற்றிவிடும், அழுத்தத்தின் விளைவு அதற்குள் மறைந்துபோகும்.

அடுத்த இடையூறு துணை வினைகள். விடுபட்ட ஹைட்ரஜன் அணு இன்னொரு மீத்தேனைத் தாக்கினால், நாம் அளப்பது முதற்படியின் வேகமாக இராது. எனவே மீத்தேனின் அளவை மில்லியனுக்குச் சில பங்குகளாகக் குறைத்து, ஹைட்ரஜன் அணுக்களை 121.6 நானோமீட்டர் ஒளியை அவை உறிஞ்சும் அளவைக் கொண்டு கண்காணித்தோம். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இந்த நீர்த்தல் இல்லாமல் வரும் எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

மீத்தேனின் வேக மாறிலி அழுத்தத்துடன் கிட்டத்தட்ட நேர்விகிதத்தில் ஏறியது. ஈத்தேனில் அந்த ஏற்றம் மிதமாகவே இருந்தது. மூலக்கூறின் அணுக்கள் அதிரக்கூடிய விதங்களான அதிர்வு வகைகள் மீத்தேனுக்கு 9, ஈத்தேனுக்கோ 18. ஆற்றல் பல வகைகளில் பரவுவதால், ஆற்றலேறிய ஈத்தேன் உடையும் முன் சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கிறது, அதற்குள் மற்றொரு மோதல் அதன் ஆற்றலைப் பறித்துக்கொள்ள வாய்ப்புண்டு, ஆகவே அது உச்ச வரம்பைக் குறைந்த அழுத்தத்திலேயே அணுகுகிறது. வேக மாறிலியை வெப்பநிலையை மட்டும் கொண்டு கணிக்கும் அர்ரீனியஸ் சமன்பாடு ஒன்றால் இந்தத் தரவுகளைச் சொல்ல முடியாததால், தாழ்ந்த அழுத்த வரம்பு, உயர்ந்த அழுத்த வரம்பு, இரண்டையும் இணைக்கும் ட்ரோவின் காரணி ஆகிய மூன்றையும் இறுதி அட்டவணையில் தந்தோம்.