மஞ்சள் தண்ணீர்

போர் தண்ணீர் லேசாக மஞ்சளடிக்கிறது. பக்கத்துக் காலி மனையில் முன்பு குரோமிய முலாம் பூசும் பட்டறை இருந்தது; அதன் கழிவு நிலத்தடி நீரில் கலந்திருக்குமோ என்று பயம். அண்டை வீட்டுக்காரர் டிடிஎஸ் மீட்டரை முக்கிவிட்டு "எல்லாம் நார்மல் சார்" என்றார். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்றுதான் அது சொல்லும், குரோமியமா ஈயமா என்று அதற்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் குரோமியத்துக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

சரி என்று ஆய்வகத்துக்குப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலோடு போய் அசடு வழிந்தேன். அவர்கள் கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டுமாம். பட்டறைக்குப் பள்ளத்துப் பக்கம் இரண்டு போர், மேட்டுப் பக்கம் ஒன்று என மூன்று மாதிரி கொடுத்திருக்கிறேன். மேட்டுத் தண்ணீரோடு ஒப்பிடாமல் பட்டறையைக் கைகாட்ட முடியாது.

தெருவில் பாதிப் பேர் முறைக்கிறார்கள். வீட்டு விலை இறங்கிவிடுமாம்.