ஜீபிஎல் சொற்பட்டியலும் அப்பாச்சி நிரலும்: சம்மதக் கடிதம் வாங்கி முடித்த அனுபவம்

எங்கள் சொற்பட்டியல் ஒருவழியாக இரண்டு திட்டங்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதில் நிரல் எழுதிய வேலை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கடிதம், கையெழுத்து, பதில் வராத மின்னஞ்சல். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெவ்வேறு உரிமமுள்ள இரண்டு திறமூலத் திட்டங்களைச் சேர்க்க நினைப்பவர்கள் நிரலில் கை வைக்க முதல் இதை வாசியுங்கள்.

ஒரு பக்கம் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கான அகராதி, ஹன்ஸ்பெல் என்ற எழுத்துப்பிழை திருத்தியில் இயங்குவது. உரிமம் ஜீபிஎல்: யாரும் எடுத்து மாற்றலாம், ஆனால் மாற்றி வெளியிடுவதும் அதே உரிமத்தில்தான் இருக்கவேண்டும். கதிரை, லாச்சி, அலவாங்கு, சப்பாத்து என்று எங்கடை சனம் எழுதும் சொற்களுக்குச் சிவப்புக் கோடு விழக்கூடாது என்பதற்காகவே தொடங்கியது. மற்றப் பக்கம் விகுதிகளைப் பிரித்தறியும் நிரல். உரிமம் அப்பாச்சி 2.0, அந்தக் கட்டாயம் இல்லாத தளர்வான உரிமம். கைபேசி விசைப்பலகைகளுக்காக எழுதியது. ஹன்ஸ்பெல் ஒரு சொல்லின் பின்னொட்டை இரண்டு அடுக்குக்கு மேல் உரிக்காது. 'வீடுகளிலிருந்துதானே' மாதிரிச் சொற்களுக்கு அது காணாது. ஆகவே அகராதிக்கு அந்த நிரலின் விதிகள் வேணும், நிரலுக்கு எங்கள் சொற்கள் வேணும்.

முதலில் ஜீபிஎல் எந்தப் பதிப்பு என்பதைப் பாருங்கள். நிரல்களை வைத்துப் பகிரும் கிற்ஹப் தளத்தின் பக்கத்தில் 'ஜீபிஎல் 2.0' என்று காட்டுவதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது உரிமக் கோப்பில் உள்ள வாசகத்தை மட்டும் வைத்துச் சொல்வது. பதிப்பு 2 மட்டுமா, 'பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தியது' என்பதா என்பது ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும்தான் இருக்கும். இந்த ஒரு வரியில் எல்லாம் தங்கியிருக்கிறது. 1991 இல் வந்த ஜீபிஎல் 2, 2004 இல் வந்த அப்பாச்சி 2.0 உடன் சேராது. அப்பாச்சியில் உள்ள, கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய நிபந்தனைகள் ஜீபிஎல் 2 இன் கண்ணில் மேலதிகக் கட்டுப்பாடு. 2007 இல் வந்த ஜீபிஎல் 3 அதற்கு இடம் விட்டே எழுதப்பட்டது. எங்கள் கோப்புகளில் 'பிந்தியது' என்ற சொல் இருந்தது, பிழைத்தோம். தலைப்பே இல்லாத சில கோப்புகளுக்கு, தொடங்கியவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கினோம். இப்படி அப்பாச்சி விதிகள் அகராதிக்குள் வந்தன, சேர்ந்த பொதி ஜீபிஎல் 3 இல் வெளியானது.

ஆனால் இது ஒருவழிப் பாதை. ஜீபிஎல் சொற்களை அப்பாச்சித் திட்டத்துக்குள் அப்படியே கொண்டுபோக முடியாது. லிப்ரே ஒபிஸின் உறவு மென்பொருளான அப்பாச்சி ஓப்பின் ஒபிஸின் நிரலை லிப்ரே ஒபிஸ் எடுக்கலாம், எம்பிஎல் என்ற இன்னோர் உரிமத்தில் உள்ள லிப்ரே ஒபிஸ் மாற்றங்கள் அங்கே திரும்பிப் போகாது என்பதும் இதே கதைதான். திரும்பிப் போக வேண்டுமானால் எழுதிய ஒவ்வொருவருடைய சம்மதமும் தேவை. 2012 இல் விஎல்சி காணொளி இயக்கியின் பெரும்பகுதியை ஜீபிஎல்லில் இருந்து சற்றுத் தளர்வான எல்ஜீபிஎல்லுக்கு மாற்றியபோது இருநூறுக்கு மேற்பட்டவர்களைத் தேட வேண்டி வந்தது.

ஆகவே கேட்பதைச் சுருக்குங்கள். திட்டம் முழுவதற்கும் உரிமம் மாற்றக் கேட்டால் ஆள் ஆளுக்கு ஒரு தத்துவம் கதைப்பார்கள். நாங்கள் கேட்டது சொற்பட்டியல் கோப்புக்கு மட்டும். அதிலும் 'ஜீபிஎல்லுக்குப் பதிலாக' என்று கேட்கவில்லை. 'இப்போதுள்ள உரிமத்துக்கு மேலதிகமாக அப்பாச்சி 2.0 இலும் வெளியிடச் சம்மதம்' என்று கேட்டோம். தங்கள் ஜீபிஎல் அப்படியே இருக்கும் என்று தெரிந்ததும், முதலில் முகம் சுழித்தவர்களும் அன்றே பதில் போட்டார்கள்.

யாரிடம் கேட்பது என்பதுதான் அடுத்த வில்லங்கம். யார் எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிற் மென்பொருளில் 'கிற் ஷோர்ட்லொக்' கட்டளை தரும் பெயர்ப்பட்டியல் போதாது. எஸ்விஎன் என்ற இதே வகைப் பழைய மென்பொருளின் களஞ்சியத்தில் இருந்து மாற்றியபோது பல பெயர்கள் ஒரே கணக்கின் கீழ் விழுந்திருந்தன. மற்றவர் அனுப்பிய திருத்தத்தைப் பராமரிப்பாளர் தன் பெயரில் ஏற்றி, குறிப்பில் 'நன்றி' என்று மட்டும் எழுதியதும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துடனும் எழுதப்படும் கொமிற் குறிப்புகளில் 'நன்றி', 'அனுப்பியவர்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். பிறகு 'கிற் பிளேம்' போட்டு, இன்றைக்கு எந்த வரி யாருடையதாக மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். அழிந்துபோன வரிக்குச் சம்மதம் தேவையில்லை. ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவர் சேர்த்த தொகுதியை எடுத்துவிட்டு, அதைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு அச்சுப் பத்திரிகைகளில் இருந்து புதிதாகத் திரட்டினோம்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே. ஆகவே ஒவ்வொருவரிடமும் 'அந்த நேரம் எங்கே வேலை செய்தீர்கள்?' என்று கேட்டே ஆகவேண்டும். ஒருவருக்காகக் கொழும்பு நிறுவனமொன்றின் கடிதம் தேவைப்பட்டது. இரவு பஸ்ஸில் போய் இறங்கிய பிறகுதான், கையெழுத்திட்ட பிடிஎவ் மின்னஞ்சலில் வந்தாலே காணும், நேரில் வரத் தேவையில்லை என்றார்கள். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

எல்லாவற்றையும் விடச் சலிப்பூட்டியது இங்கேயுள்ள ஒரு பயிற்சி நிறுவனம். அதன் மாணவர்கள் செயற்றிட்டமாகத் தட்டச்சுச் செய்த சொற்கள் பட்டியலில் இருந்தன. மாணவர்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். நிறுவனம் உரிமை கோரவில்லை என்று ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்று போனோம். அலுவலகத்தில், "தம்பி, மென்பொருளெண்டா கணினிப் பிரிவிட்டைக் கேளுங்கோ" என்றார்கள். கணினிப் பிரிவில், கையெழுத்து வைக்கிற அதிகாரம் தங்களிடம் இல்லை என்றார்கள். திரும்ப அலுவலகம் வந்தால் பொருட்களைக் கைமாற்றும் படிவத்தை நீட்டி, 'பெறுமதி' என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். விலையில்லாப் பட்டியலுக்கு என்ன பெறுமதி போடுவது? அது வெறுமையாக இருந்ததால் கோப்பு மேசையிலேயே கிடந்தது.

கடைசியில் கடிதம் வந்தது, முத்திரையும் இருந்தது. வாசித்தால், 'வர்த்தக நோக்கமற்ற கல்விப் பயன்பாட்டுக்கு மாத்திரம்' என்று யாரோ தாங்களாகவே சேர்த்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் சேர்த்ததாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு தொடர் முழு வேலையையும் கெடுத்துவிடும். ஜீபிஎல்லும் சரி அப்பாச்சியும் சரி, வர்த்தகப் பயன்பாட்டைத் தடுக்கும் நிபந்தனையுடன் வரும் எதையும் உள்ளே எடுக்காது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்திருந்தால், கடிதமே இல்லாததை விட மோசம். திரும்பக் கொடுத்தோம். இந்த முறை நாங்களே தட்டச்சுச் செய்து கொண்டுபோனோம்: நிறுவனம் இந்தப் பட்டியலில் உரிமை எதுவும் கோரவில்லை, அப்படி ஏதும் இருக்குமானால் அப்பாச்சி 2.0 இலும் வெளியிடச் சம்மதம். இரண்டே வசனம். உரிமத்தின் பெயரை ஆங்கிலத்தில் உள்ளபடியே இடுங்கள், மொழிபெயர்த்தால் எந்த உரிமம் என்ற கேள்வி வரும். அதிபர் வாசித்து அங்கேயே கையெழுத்திட்டார். கடிதத்தை அவர்களிடம் எழுதக் கேட்காதீர்கள், எழுதிக்கொண்டு போங்கள்.

விக்சனரி என்ற இணைய அகராதியில் இருந்து வந்த பகுதி தனிக் கோப்பாகிவிட்டது. அதன் உரிமம் கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை-எஸ்ஏ 4.0, அதாவது பெயரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரவேண்டும் என்பது. 2015 ஒக்ரோபரில் இருந்து அது ஜீபிஎல் 3 க்குள் போகலாம், அப்பாச்சிக்குள் போகாது. ஆகவே அந்தக் கோப்பு அகராதியுடன் மட்டும் போகிறது. சோதனை வசனங்களை இரு திட்டங்களும், உரிமை எதையும் வைத்துக்கொள்ளாத சிசி0 இல் வைத்துப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன.

பட்டியல்களை ஒன்றாக்குவது ஒரு மாலை வேலை, ஒரு கண்ணி மட்டும் உண்டு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்து மாற்றிய பட்டியலில் 'ொ' சில இடங்களில் ஒற்றைக் குறியாகவும் சில இடங்களில் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு சொல். எல்லாவற்றையும், இரண்டு குறியை ஒன்றாக்கும் யூனிகோட்டின் என்எவ்சி வடிவுக்கு மாற்றுங்கள். ஆனால் 'ௌ' இன் இடத்தில் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டப்பட்டிருந்தால் என்எவ்சி திருத்தாது, அதைக் கையால்தான் பார்க்கவேண்டும்.

வெளியிட முதல் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் உரிமக் குறியை, அதாவது எந்த உரிமம் என்று கணினியும் வாசிக்கக்கூடிய ஒரு வரியை, இட்டு, ரீயூஸ் கருவியால் சரிபாருங்கள், அது விடுபட்ட கோப்புகளைப் பெயர் சொல்லிக் காட்டும். அப்பாச்சித் திட்டத்தில் 'நோட்டிஸ்' கோப்பு இருந்தால் அதில் உள்ள அறிவித்தல்கள் உங்கள் பொதியிலும் வரவேண்டும். சம்மதக் கடிதங்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். கையெழுத்தும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்கும், கிற்றில் ஒருமுறை ஏறினால் வரலாற்றில் இருந்து எடுப்பது பெரும் பாடு. பெயர், திகதி, எந்தக் கோப்புக்கு எந்த உரிமத்தில் சம்மதம் என்ற வரி மட்டும் களஞ்சியத்தில் போதும். மூலக் கடிதங்களை இரண்டு பராமரிப்பாளர்கள் தனித்தனியே வைத்திருங்கள்.