துருவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஏற்காட்டு வீட்டு வாஷிங் மெஷினின் அடிமூலையில் பெயிண்ட் லேசாகக் கொப்பளித்திருந்தது. சும்மா இருக்காமல் நகத்தால் நோண்டினேன். உள்ளே தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி கார்த்திகையில் மேகமே பின்கட்டுக்குள் வந்து உட்காரும். இரும்பு என்ன செய்யும், பாவம்!

பார்க்க வந்த மெக்கானிக், "பாடி போயிருச்சுங்கண்ணா, புதுசு வாங்கிருங்க" என்றார். மனசு கேட்கவில்லை. சேலத்துக்கு இறங்கி, செவ்வாய்ப்பேட்டையில் உப்புத்தாள், ரெட் ஆக்ஸைடு (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), எபாக்ஸி பட்டி (ஓட்டை அடைக்கிற, இறுகும் பசை) எல்லாம் வாங்கி வந்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு 80 நம்பர் சொரசொரப்பு உப்புத்தாளில் தேய்க்க ஆரம்பித்தேன். ரூபாய் நாணயம் அளவு தெரிந்த துரு, தேய்க்கத் தேய்க்க உள்ளங்கை அளவாகிவிட்டது. பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்திருக்கிறது! தகடு பளிச்சென்று தெரியும் வரை விடக் கூடாது. மிச்சம் வைத்து மேலே பூசினால் மறுபடி கொப்பளிக்கும் (ஜன்னல் கம்பியில் பட்ட அனுபவம்). அப்புறம் ஓட்டைக்குப் பட்டி, அது இறுகினதும் 220 நம்பர் நைஸ் தாளில் ஒரு தேய்ப்பு, ரெட் ஆக்ஸைடு, இரண்டு கை வெள்ளை எனாமல். இந்தப் பனியில் காயவே மூன்று நாள்.

வெள்ளை கொஞ்சம் வேறு வெள்ளையாகிவிட்டது. "எவர்சில்வர் தகடு பண்ற சேலத்துப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு துருப்பிடிக்கிற மெஷின வாங்கிருக்கியே" என்கிறார் அம்மா.

அடுத்து ஃப்ரிட்ஜின் பின்பக்கம். அங்கே கேஸ் போகும் குழாய் இருப்பதால் கம்பி பிரஷ்ஷைத் தூக்கவே பயமாக இருக்கிறது.