மூன்று புள்ளிகள் வாங்கிய பாட்டு

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. கைப்பேசியில் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் 1974ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் பலகையில் போர்ச்சுகலுக்கு நேரே 3.

வெறும் மூன்று.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம், ஏப்ரல் 6. ஸ்வீடனின் ‘ஆபா’ குழு வென்ற இரவு அது. பவுலோ டி கார்வால்யோ பாடிய போர்ச்சுகல் பாட்டோ வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடத்தில் நின்றது.

பிரிந்துபோன காதலை நினைத்து உருகும் பாட்டு. அரசியல் வாடையே கிடையாது. எனக்கு அந்தக் குரலை அவ்வளவு பிடிக்கும்.

பதினெட்டே நாள். ஏப்ரல் 24, இரவு 10.55. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் ஒரு வானொலியில் அதே பாட்டு ஒலித்தது. ஆட்சியைக் கவிழ்க்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் முதல் அடையாளம்: தயாராகுங்கள்!

வானொலியில் சாதாரணமாகப் போடும் காதல் பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

நள்ளிரவு தாண்டி இன்னொரு வானொலியில் வேறொரு பாட்டு ‘கிளம்புங்கள்’ என்றது. ஏப்ரல் 25 அன்று நாட்டின் 48 ஆண்டு சர்வாதிகாரம் சரிந்தது. சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் மக்கள் சிவப்புக் கார்னேஷன் மலர்களைச் செருகினார்கள்.

பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன். வானொலிப் பெட்டியருகே குனிந்து, இந்தக் குரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த இளம் கேப்டன்களை நினைத்துக்கொண்டே கேட்டேன்.