பாதி துளையிட்ட மணி

சங்ககால வணிகப் பாடத்துக்குக் கொங்கு நாட்டுப் பள்ளிகள் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில், சங்ககாலப் பொருள்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட கொடுமணல் இருக்கிறது. அங்கே கிடைத்தவற்றில் வகுப்பறைக்கு அதிகம் உதவுபவை வேலை முடியாத மணிகளும் கல் சில்லுகளும்தான். முழு மணி கிடைத்தால் யாரோ அணிந்தார்கள் என்று சொல்லலாம். துளை பாதியில் நின்ற மணியும் பக்கத்திலேயே சில்லுகளும் கிடைத்தால், அங்கேயே செய்தார்கள் என்று சொல்லலாம். இந்த வித்தியாசத்தை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். தொட்டியில் மண்ணும் பொருள்களும் நிரப்பிப் பிள்ளைகளைத் தோண்டவைக்கும் 'தொட்டி அகழாய்வு' அதற்காகத்தான்.

ஆறு பேருக்கு ஒரு தொட்டி. ஓரடி ஆழமுள்ள பிளாஸ்டிக் டப் போதும். அடியில் செம்மண், நடுவில் ஆற்று மணல், மேலே கரிசல் மண், ஒவ்வொன்றும் நாலு விரல்கடை. செம்மண் அடுக்கில் மணிகள், ஆணியால் இரண்டு தமிழி (பழந்தமிழ்) எழுத்து கீறிய பானை ஓடு, கொல்லுப்பட்டறையில் கேட்டு வாங்கிய இரும்புக் கசடு. மணலில் கூரை ஓட்டு வில்லைத் துண்டு. கரிசலில் பேனா மூடி. மணிகளைக் களிமண்ணில் உருட்டி, ஈரம் இருக்கும்போதே சிலவற்றை ஈர்க்குச்சியால் முழுக்கவும் சிலவற்றைப் பாதி வரைக்கும் குத்திக் காயவைக்க வேண்டும். பானை ஓட்டுக்குக் குயவரிடம் உடைந்த பானை வாங்கிக்கொள்ளலாம். தொல்லியல் இடங்களில் கிடக்கும் ஓட்டை ஒருபோதும் பொறுக்கி வரக்கூடாது. பிள்ளைகளுக்கும் இதை அன்றே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் மண்தான் காரியத்தைக் கெடுக்கும். ஈர மண் ஒட்டிக்கொண்டு அடுக்கு தெரியாமல் போகும். இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சலித்த பிறகே கொட்ட வேண்டும். ஐப்பசி மழையில் இதைத் தொடவே வேண்டாம். அடுத்த சிக்கல் கரண்டி. கையில் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் நேராக அடிவரை தோண்டிவிடுவார்கள். பெயிண்ட் பிரஷ்ஷும் ஐஸ் குச்சியும் மட்டும் கொடுங்கள். ஒரு அடுக்கை முழுவதும் எடுத்து எழுதி முடித்த பிறகே அடுத்ததைத் தொடலாம் என்பது விதி. நூல் கட்டித் தொட்டியை நாலு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம், எந்த அடுக்கு, என்ன பொருள், பக்கத்தில் என்ன இருந்தது என நாலு பத்தியில் பதிய வேண்டும். நாலாவது பத்தியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். மதிப்பெண்ணை அதற்கே கொடுத்தால் விடமாட்டார்கள். ஒரு பீரியடில் இது முடியாது. இரண்டு பீரியட் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு தொட்டியில் மட்டும் முழு மணிகளையே போட்டுவையுங்கள். அந்தக் குழு "வெளியிலிருந்து வாங்கியிருப்பாங்க" என்று எழுதும். மற்றவர்கள் "இங்கேயே செஞ்சிருக்காங்க" என்பார்கள். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல், "எதை வெச்சுச் சொல்றே? வேற மாதிரியும் இருந்திருக்கலாமா?" என்று மட்டும் கேட்க வேண்டும். கொடுமணலில் குவார்ட்ஸ், பெரில், சூதுபவளம் ஆகிய கற்களில் செய்த மணிகள் கிடைத்ததையும், படியூர்ப் பக்கம் பெரில் கிடைப்பதையும், கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் பாதை போனதையும் வாதம் ஓய்ந்த பிறகு சொல்லலாம். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்ற பெயர் வருவதைக் கடைசியில் சொல்வதே சரி. முதலிலேயே சொன்னால் பாட்டிலிருந்தே விடையை எடுத்துக்கொண்டு மண்ணைப் பார்க்க மாட்டார்கள்.

எது எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது என்று காட்டக் கயிறு. ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் 25 மீட்டர். வராந்தாவில்தான் இடம் போதும். இந்த ஆண்டு முனையில் இருந்தால், கோவையில் ஸ்டேன்ஸ் பஞ்சு மில் வந்த 1888 ஏறத்தாழ 1.4 மீட்டரில் வரும். சங்ககிரியில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட 1805 சுமார் 2.2 மீட்டரில், காலிங்கராயன் வாய்க்கால் முடிந்ததாகச் சொல்லப்படும் 1283 சுமார் 7.4 மீட்டரில். வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளின் காலமான, பேரரசர் அகஸ்டஸ் காலத்துக்கு 20 மீட்டர் நடக்க வேண்டும். பிள்ளையின் வயதோ ஒரு சாண் கூட வராது. நைலான் கயிறு இழுத்தால் நீளும், குறிகள் நகரும். நாடா போன்ற பருத்திப் பட்டை நல்லது. கி.மு. பக்கம் எண்கள் ஏறிக்கொண்டே போவது பலரைக் குழப்பும். அந்தப் பகுதிக்கு வேறு நிறம் பூசிவிடலாம்.

வரலாற்றை நாடகமாக நடிப்பது எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் வசனம் சத்தமாகிச் சான்று காணாமல் போகிறது. அந்த நேரத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் செலவிடலாம். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு கண்ணு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ஏனுங்க அப்புச்சி, மில்லுச் சங்கு எத்தனை மணிக்குங்க ஊதும்? முதல் சம்பளத்துல என்னங்க வாங்குனீங்க?" என்று கேட்டால் நோட்டில் இரண்டு பக்கம் வரும். ஒரே மில்லுக்கு இரண்டு பேர் இரண்டு நேரம் சொன்னால் எதையும் அடிக்க வேண்டாம். இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, யார் எந்த ஷிப்ட், எந்த வருஷம் வேலை பார்த்தார்கள் என்று மறுநாள் கேட்டுவரச் சொல்லுங்கள்.