பெரியம்மாவின் எஃப்டியும் அமெரிக்க வங்கியும்

தோட்ட ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. சம்பளக் கணக்கும் செம்பனைக் குலைக் கணக்கும் போக இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது: வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு தாள் வந்துவிட்டால் போதும், லயத்து வரிசை வீடுகளை விட்டு டவுன் குடியிருப்பில் தாமான் வீடு வாங்கிப் போனவர்கள்கூட அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். இங்கே யாருடைய பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்பது எனக்கு ஓரளவு தெரியும். வெளியே சொல்வதில்லை.

2023 மார்ச்சில் வந்தது கடிதம் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "அமெரிக்காவுல பேங்க் கவுந்துடுச்சு, அடுத்தது இங்கதான், இருக்கிறத எடுத்து வீட்டுல வெச்சுக்குங்க" என்று யாரோ ஒருவர் நல்ல தமிழ்க் குரலில், செய்தி வாசிப்பவர் தோரணையில் பேசியிருந்தார். பெரியம்மா அதை என் காதருகே வைத்துப் போட்டுக்காட்டினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் மிச்சம் 38,000 வெள்ளி (ரிங்கிட்), எஃப்டியில், அதாவது நிரந்தர வைப்பில் கிடக்கிறது. "அமெரிக்காக்காரன் பேங்குக்கே இந்தக் கதின்னா நம்ம பணம் என்னடி ஆகும்?" என்றார்.

அந்த வங்கியின் கதையை முதலில் சொன்னேன். சிலிக்கான் வேலி வங்கி. அதில் பணம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிகள். அங்கே வங்கி விழுந்தால் வைப்புப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் காப்புறுதி ஒருவருக்கு 2,50,000 டாலர் வரைக்கும்தான், இவர்கள் போட்டிருந்ததோ அதற்கு எவ்வளவோ மேலே. வங்கி அந்தப் பணத்தில் நீண்ட காலக் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தது. வட்டி விகிதம் ஏறியதும் பத்திரங்களின் விலை இறங்கியது. விஷயம் வெளியே தெரிந்ததும் மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வங்கியை மூடினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அமெரிக்க அரசாங்கம் எல்லாருடைய வைப்புத் தொகையும் முழுசாகக் கிடைக்கும் என்று அறிவித்தது. மாதம் முடிவதற்குள் இன்னொரு வங்கி அதை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் அதில் பணம் போட்டு வைத்திருந்தவர்கள் ஒரு காசும் இழக்கவில்லை. குரல் பதிவுக்காரர் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லவே இல்லை.

பெரியம்மாவுக்கு இது போதவில்லை. அவர் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் 1986லிருந்து வருகிறது.

அந்த வருஷம் டெபாசிட் வாங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் 24, நாடு முழுக்க முடங்கின. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு அவற்றின் கணக்குகளை முடக்கியது. வங்கியைவிடக் கூடுதல் வட்டி தருகிறோம் என்று வாங்கிய பணத்தைச் சங்கத்தை நடத்தியவர்கள் நிலத்திலும் பங்குச் சந்தையிலும் சொந்தக்காரர்களின் கம்பெனிகளிலும் விட்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துக்காரர்கள் அதில் அதிகம் போட்டதில்லை. போட்டவர் எங்கள் மளிகைக் கடைச் சீனர். எல்லா வீட்டுக்கும் ஒரு நோட்டு வைத்து, சம்பள நாள் வரைக்கும் அரிசி, பருப்பு, கருவாடு கடனாகக் கொடுத்தவர். அவர் பணம் முடங்கிய மாதத்தில் அந்த நோட்டுகளை மூடிவிட்டார். கையில் காசு இருந்தால் அரிசி, இல்லாவிட்டால் இல்லை. எந்தச் சங்கத்திலும் பத்து காசு போடாத எங்கள் வீட்டில் அந்த மாதம் மரவள்ளிக்கிழங்குதான். சீனருக்குப் பணம் தவணை தவணையாகத் திரும்பியது, ஒரு பகுதிக்குப் பங்குத் தாள் கொடுத்தார்களாம். அந்தத் தாளைக் கடையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் 1986இல் விழுந்தவை வங்கிகள் இல்லை. இந்த வித்தியாசம் பெரியம்மா தலைமுறைக்கு யாரும் சொல்லவே இல்லை. அவர்களுக்குக் கவுண்டரும் கண்ணாடியும் முத்திரையும் புத்தகமும் இருந்தால் அது பேங்க். கூட்டுறவு என்றாலே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளிகளைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அவர் தொடங்கிய தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் எங்கள் ஆட்கள் தோட்டங்களுக்குப் பங்காளிகள் ஆனார்கள். ஆனால் அது பங்கு. பங்கு வேறு, டெபாசிட் என்கிற வைப்பு வேறு. வங்கி கைமாறும்போது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

2020 நவம்பரில் இதை நான் நன்றாகப் பார்த்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, சிவப்பு ஐசிக்காரர், அதாவது இங்கே குடியுரிமை இல்லாதவர். வேலை பெர்மிட் கெடுபிடி வந்த காலத்தில் குடும்பத்தோடு கரூர்ப் பக்கம் திரும்பிப் போனார். அங்கே கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நஷ்டத்தில் போய், நவம்பர் 17ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் கைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குக் கட்டுப்பாடு, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், மேல்படிப்பு, கல்யாணம் என்றால் விதிவிலக்கு உண்டு. மாமாவின் பணம் அந்த வங்கியில் இல்லவே இல்லை. இருந்தும் விடியற்காலையில் தன் வங்கி வாசலில் போய் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கால் போட்டார். "நம்மளதும் இப்படி ஆயிட்டா?" என்று கேட்டார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நிற்பது தெரிந்தது. எல்லாரும் அதே கேள்வியோடு வந்தவர்கள்தான்.

மாதம் முடியும் வரை காத்திருக்கக்கூடத் தேவைப்படவில்லை. நவம்பர் 27ஆம் தேதி அந்த வங்கி சிங்கப்பூர் டிபிஎஸ்ஸின் இந்திய வங்கியோடு இணைந்தது. கட்டுப்பாடு நீங்கியது. வைப்பு வைத்தவர்களின் பணம், காப்புறுதி வரம்பான ஐந்து லட்சத்துக்கு மேல் இருந்ததும், அப்படியே புது வங்கிக்குப் போனது. அதே வங்கியின் பங்கை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு மொத்தமும் பூஜ்யம். நம்ம ஊர் வங்கி என்ற பாசத்தில் வாங்கியவர்களுக்கும் பூஜ்யம்தான்.

மலேசியாவிலும் இதைப் பார்த்திருக்கிறோம், மறந்துவிட்டோம். 1997இல் ரிங்கிட் சரிந்து, அடுத்த ஜனவரியில் வைப்புப் பணம் முழுவதற்கும் அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. அப்புறம் உள்நாட்டு வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் பத்துக் குழுமங்களாகச் சேர்த்தார்கள். என் முதல் சம்பளக் கணக்கு அப்போது ஒரு நிதி நிறுவனத்தில் இருந்தது. பெயர்ப் பலகை மாறியது, புத்தகம் மாறியது, கவுண்டரில் இருந்த அம்மா மட்டும் மாறவில்லை. பணமும் மாறவில்லை. மோட்டார் சைக்கிள் தவணை பிடித்தம்தான் ஒரு மாதம் போகாமல் நின்றது, அதற்கு அபராதம் போட்டார்கள், சண்டை போட்டுத் திரும்ப வாங்கினேன். வங்கி கைமாறினால் நம்மைப் போன்றவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் இந்த அளவுதான். கணக்கு எண் மாறுகிறதா, பிடித்தங்கள் தொடர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் சரி.

பெரியம்மாவை டவுனுக்கு அழைத்துப் போய் வங்கி வாசலில் ஒட்டியிருக்கும் பி.ஐ.டி.எம். ஒட்டுப்படத்தைக் காட்டினேன். மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், 2005இல் வந்தது. முதலில் 60,000 வெள்ளி வரைக்கும் இருந்தது, 2010 கடைசியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 வெள்ளி, அசலும் வட்டியும் சேர்த்து. விண்ணப்பம் கிடையாது, நாம் கட்டணம் கட்டுவதும் இல்லை, வங்கிதான் கட்டுகிறது. இஸ்லாமிய வைப்புக்குத் தனியாக அதே வரம்பு, கூட்டுக் கணக்குக்கும் தனி வரம்பு. பழைய போஸ்டாபிஸ் பேங்க், அதாவது பி.எஸ்.என். என்கிற தேசிய சேமிப்பு வங்கி, இந்தக் கழகத்தில் இல்லை. ஆனால் அதன் வைப்புக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கமே பொறுப்பு. ஒட்டுப்படம் இல்லையே என்று அங்கே பயப்பட வேண்டியதில்லை.

"அப்போ என் 38,000 பத்திரம்?" என்றார். பத்திரம் என்றேன். சரி என்று கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

யூனிட் டிரஸ்ட், பலர் பணத்தைச் சேர்த்துச் சந்தையில் போடும் முதலீடு. 15,000 வெள்ளி. போன தடவை எஃப்டி புதுப்பிக்கப் போனபோது கவுண்டர்ப் பிள்ளை, "ஆன்ட்டி, இதுல கூடுதலா கிடைக்கும்" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறது. எந்த வங்கி என்று எழுத மாட்டேன், இந்தப் பழக்கம் பல இடத்தில் உண்டு. அதே வாசல், அதே நாற்காலி, அதே ஒட்டுப்படம். ஆனால் இந்தத் தாளுக்குப் பி.ஐ.டி.எம். காப்புறுதி கிடையாது. தங்கக் கணக்குக்குக் கிடையாது, இஸ்லாமிய கவுண்டரில் 'முதலீட்டுக் கணக்கு' என்று திறப்பதற்கும் கிடையாது. யூனிட் டிரஸ்ட் பணம் வங்கியின் சொத்தோடு கலக்காது, வங்கி விழுந்தால் அதனோடு போய்விடாது என்பது உண்மை. ஆனால் சந்தை இறங்கினால் இதுவும் இறங்கும், யாரும் ஈடு கட்ட மாட்டார்கள். பார்த்தபோது 15,000 என்பது 13,000 சொச்சமாக இருந்தது. எந்த அமெரிக்க வங்கியும் கவிழ்ந்து அந்த இரண்டாயிரம் போகவில்லை.

கவுண்டரில் பணம் கொடுக்கும் முன் "இது வைப்பா? பி.ஐ.டி.எம். காப்புறுதி உண்டா?" என்று மலாயில் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். 'அடாக்கா இனி டிலின்டுங்கி பி.ஐ.டி.எம்.?' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாசார் பக்கம் தேநீர் வாங்கும்போது சும்மா இருந்தவர் திடீரென்று கேட்டார்: "கூட்டுப் பணத்துக்கு?"

எந்தக் கூட்டு என்றேன். பக்கத்து வரிசை அக்கா நடத்துகிற சீட்டு, மாதம் 300 வெள்ளி, இருபது பேர், மாதம் ஒருவர் முறை வைத்து மொத்தத்தையும் எடுப்பார். இதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று 1971லேயே சட்டம் வந்துவிட்டது. நம்பிக்கை ஒன்றைத் தவிர இதற்கு வேறு காப்புறுதி கிடையாது என்று சொன்னேன். அடுத்த மாதம் தன் முறை, எடுத்ததும் நிறுத்திவிடுகிறேன் என்கிறார். எடுத்த பிறகு நிறுத்த முடியாது பெரியம்மா, மீதி மாதமெல்லாம் கட்டித்தான் ஆகணும், நீங்கள் நிறுத்தினால் மற்ற பதினெட்டுப் பேரும் அந்த அக்காவும் முதலில் என் ஆபீசுக்குத்தான் வருவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.