கால் செக்‌ஷன் விற்பனைக்கு

கனடாவின் சாஸ்கட்டூன் நகரத்தில் காபி குடித்தபடி உள்ளூர் வார இதழைப் புரட்டினேன். நில விளம்பரம். விலையை எழுதி, உறையை ஒட்டி அனுப்ப வேண்டுமாம். கடைசியில் பொடி எழுத்தில்: "அதிக விலை கேட்டவருக்கே தருவோம் என்பதில்லை."

இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. பணம் மட்டும் இருந்தால் போதாது, பார்த்துக்கொள்ளுங்கள்!

கால் செக்‌ஷன் என்றால் 160 ஏக்கர். வாங்கினாலும் பெரும்பாலும் மேல்மண்தான் நம்முடையது. அடியில் எண்ணெயோ, உரத்துக்கு உதவும் பொட்டாஷ் தாதுவோ இருந்தால், அதன் உரிமை அனேகமாக அரசிடமோ வேறு யாரிடமோ இருக்கும்.

கனடாவின் 1872 நிலச் சட்டப்படி இதே 160 ஏக்கருக்குக் கட்டணம் 10 டாலர். மூன்று வருடம் குடியிருந்து உழுது காட்டினால் சொந்தம்.

சரி, அதற்கு முன் அது யாருடைய மண்?

1876-ல் அரசு பூர்வகுடிகளோடு போட்ட ஆறாம் உடன்படிக்கையில், அங்கத்துப் பூர்வகுடிகளான கிரீ மக்களுக்கு ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்று எழுதினார்கள். பல குழுக்களுக்கு அந்த அளவு முழுதாகப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாக்கிக்கு 1992-ல்தான் மாகாண அளவில் ஓர் ஒப்பந்தம் வந்தது. அதிலும் நிலமாகத் தரவில்லை, பணமாகத் தந்தார்கள்.

விற்க மனமுள்ளவரைத் தேடி, அந்தக் குழுக்களே அந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தை விலைக்கு.